பூட்டை உடைக்காமல் பதினோரு மாதம்

கீழ்வீட்டுக்காரர்கள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தபோது என் அண்ணன் கடப்பாரையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பம் ஊரில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் என்பதால் குடத்தோடு நின்றிருந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தள்ளு ஆத்தா. ரெண்டே தட்டு. பூட்டு கழண்டு விழுந்துரும்” என்றார்.

நான் கதவை மறித்து நின்றேன். “வேணாம்ணே.”

“மாப்பிள்ளைய எம்புட்டு நாளைக்குத்தான் மாடியிலயே வச்சுப் பாப்ப? ஓடிப்போனவன் திரும்பி வரவா போறான்?”

“வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பூட்டு அவுக போட்டது.”

“வீடு உன்னோடது.”

“வீடு என்னோடதுதான். உள்ள கெடக்கிறது என்னோடது இல்ல.”

அண்ணன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். குடத்தோடு நின்றவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். சுருளிப்பட்டிப் பக்கம் இருபது வருடமாக வேலை. ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, எல்லாருக்கும் நர்சம்மா. நானும் என் கணவரும் சேமித்துக் கட்டிய வீடு இது. மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு. மாடிக்குப் பதினெட்டுப் படி. அதை எண்ணிப் பார்க்கும் தேவை வந்தது, என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதி போய்விட்டது. வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அவரை இறக்கி ஏற்ற வேண்டும். அதனால் கீழ்வீட்டுக்காரர்களிடம் வேறு வீடு பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர்களும் முகம் கோணாமல், “பிள்ளைக்கு முழுப்பரீட்சை முடியட்டும் நர்சம்மா, போயிருதோம்” என்று சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் மூன்று பேர். கணவன் ஜீப் ஓட்டினார். விடியுமுன் கூலிவேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். மனைவி வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. நாலு வருடம் இருந்தார்கள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த அந்த ஜீப், கொண்டைஊசி வளைவில் கவிழ்ந்தது. பதின்மூன்று பேர் இருந்தார்கள். பலருக்குக் கை கால் முறிந்தது. ஒருத்தி அங்கேயே இறந்துவிட்டாள். அவள் என் பகுதிப் பெண். இரண்டாவது பிரசவத்துக்கு ஆம்புலன்சில் அவளோடு போனவள் நான். அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட்டது என் கை.

ஜீப்காரருக்கு நெற்றியில் காயம் மட்டும்தான். அன்று வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் நான் தண்ணீர் மோட்டார் போட இறங்கியபோது கீழ்வீட்டுக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. செருப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கொடியில் பிள்ளையின் யூனிபார்ம் அப்படியே கிடந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. போட்டது போட்டபடி போயிருக்கிறார்கள். செல்போன் இரண்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன.

முதல் வாரம் வருவார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் கேரளப் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. மூன்றாவது வாரம்தான் அண்ணன் கடப்பாரையோடு வந்தார்.

நான் ஏன் மறித்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. அது பெரியகுளத்தில் நடந்தது. கல்யாணமான புதிதில் அங்கே ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு மஞ்சள்காமாலை முற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். நாற்பது நாளுக்கு மேல் கிடந்தார். பிழைப்பாரா என்பதே தெரியாத நிலையில் வாடகை ஞாபகமா வரும்? வீட்டுக்காரர் எங்களைத் தேடவில்லை. பூட்டை உடைத்துச் சாமான்களை மாட்டுக்கொட்டத்தில் போட்டுவிட்டு வேறு ஆளைக் குடிவைத்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது ஐப்பசி மழை. என் நர்சிங் சான்றிதழ்களில் மை கரைந்து ஓடியிருந்தது. கல்யாணப் போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி அட்டையாகிவிட்டிருந்தன. பிரிக்கப் பிரிக்க முகம் முகமாகக் கிழிந்தது. நகல் சான்றிதழ் வாங்க ஒரு வருடம் அலைந்தேன். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. “ஆளக் காணோம், போயிட்டீகன்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான் அவருடைய காரணம்.

அண்ணனிடம் இதை மறுபடி சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். மாடியில் கட்டிலில் படுத்திருந்த என் கணவருக்கும் கீழே நடந்த பேச்சு கேட்டிருக்க வேண்டும். நான் மேலே போனதும் வாயைக் கோணி மிகவும் பாடுபட்டு ஒரு சொல் சொன்னார்.

“உடைக்காத.”

அதற்கு மேல் எனக்கு வேறு யோசனை வரவில்லை.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். “வீட்டைத் தொறந்து குடுக்கிறது எங்க வேலை இல்லம்மா. அது சிவில். கோர்ட்டுக்குப் போங்க. ஆனா எழுதிக் குடுத்தது நல்லது, நாளைக்கு உங்களுக்கு உதவும்” என்றார் அங்கிருந்த அதிகாரி.

கோர்ட்டு உத்தமபாளையத்தில். அங்கே ஒரு வக்கீல் பெண் இருப்பதாக என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி சொன்னாள். ராவுத்தர் குடும்பத்துப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவளுடைய வாப்பா தேங்காய் வியாபாரம் செய்த கடையின் மாடியில்தான் ஆபீஸ். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“பூட்டத் தொடலயே அக்கா?”

“தொடல.”

“நல்ல வேளை. தொட்டிருந்தா நான் உங்களுக்கு வாதாட வேண்டிய கேஸே வேறயா இருந்திருக்கும்.”

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாள். “ஆள் போயிட்டாகங்கிறதுக்காக வாடகைக்காரங்களோட உரிமை போயிராதுக்கா. சாவியக் கையில குடுத்து, காலி பண்ணிட்டேன்னு சொன்னாத்தான் காலி. இல்லன்னா கோர்ட்டு சொல்லணும். நடுவுல நீங்க உடைச்சு உள்ள போனா, பீரோவுல பத்துப் பவுன் வச்சிருந்தேன், காணோம்னு அவுக சொல்லலாம். இல்லன்னு நீங்க எப்பிடி நிரூபிப்பீங்க?”

“கரண்டையாவது நிறுத்தலாமா? ஆளில்லாத வீட்டுல ஃபிரிட்ஜ் ஓடுது.”

“அதையும் செய்யாதீங்க. தண்ணி, கரண்ட நிறுத்துறதும் சட்டப்படி தப்பு. கேஸ் கசிவு, தீ, அப்பிடி ஆபத்துன்னா மட்டும் தீயணைப்பையும் போலீசையும் கூப்பிட்டு, அவுக முன்னால தொறங்க. நீங்களாத் தொறக்கக் கூடாது.”

அடுத்து அவள் கேட்டதற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. “ஒப்பந்தம் எழுதியிருக்கீங்களா?”

இல்லை. வாய்ப்பேச்சுதான். நாலு வருடத்துக்கு முன் வெற்றிலை பாக்கு மாற்றிச் சாவியைக் கொடுத்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

அவள் திட்டவில்லை. “புதுச் சட்டத்துல எழுத்துல ஒப்பந்தம் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுல, அதான் கோட்டாட்சியர் ஆபீசுல, பதிவு பண்ணணும். போடாததே வீட்டக் காலி பண்ணக் கேக்க ஒரு காரணமும் ஆகும். வாடகை வரல, அது இன்னொண்ணு. உங்க வீட்டுக்காரருக்குத் தரைத்தளம் வேணும், அது மூணாவது. மூணையும் போட்டு மனு எழுதுவோம். நேரம் ஆகும்க்கா. தாங்குவீங்களா?”

“தாங்குவேன்” என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பேன்.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். என் வீட்டு விலாசத்துக்கே, கீழ்வீடு என்று போட்டு. தபால்காரர் மூன்று நாள் வந்து கதவைப் பார்த்துவிட்டு, கதவு பூட்டியிருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினார். கிழிக்காமல் வைத்துக்கொள்ளும்படி வக்கீல் சொன்னாள். ஜீப்காரரின் சொந்த ஊர் குச்சனூர்ப் பக்கம் என்று எப்போதோ பேச்சில் கேட்டிருந்தேன். அந்த ஊரில் அவருடைய சித்தப்பா வீட்டுக்கும் ஒன்று அனுப்பினோம். அதை வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த உறையையும் பத்திரப்படுத்தினேன்.

இதற்கிடையில்தான் இறந்தவளின் புருஷன் வந்தார்.

அவர் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு ஒரு மினிலாரியோடும் மச்சினன்மார் இரண்டு பேரோடும் வந்து நின்றார். நான் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“நர்சம்மா, நீங்க ஒதுங்கிக்கங்க. உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கிற ஃபிரிட்ஜு, மிஷினு, கட்டிலு எல்லாத்தையும் எடுக்கப் போறோம்.”

“எடுத்து?”

மச்சினன்மாரில் ஒருவன் முந்திக்கொண்டான். “எடுத்துத் தெருவுல போட்டுக் கொளுத்துவோம். கொன்னுட்டு ஓடுவான், அவன் சாமான் நெழல்ல இருக்குமா?”

தெரு கூடிவிட்டது. அண்ணன் ஊரில் இல்லை. நான் படியிறங்கி, மறுபடியும் அதே கதவின் முன்னால் போய் நின்றேன்.

“நான் சொல்றதக் கேளுங்க” என்று அந்த மனிதரை மட்டும் பார்த்துச் சொன்னேன். “ஒங்க வீட்டுக்காரிக்கு ரெண்டாவது பிள்ள தலை திரும்பாம இருந்தப்ப ராத்திரி பூரா கூட இருந்தவ நான். அவ செத்தது எனக்கும் சாவுதான். ஆனா இந்தக் கதவத் தொறக்க எனக்கே உரிமை இல்ல. நான் கோர்ட்டுக்குப் போயிருக்கேன். அது தொறக்கச் சொல்ற அன்னைக்குத்தான் தொறக்கும். அதுக்கு முன்னால யாரு தொட்டாலும் நான் சாட்சி சொல்லுவேன். நீங்க தொட்டாலும் சொல்லுவேன்.”

“எம் பிள்ளைகளுக்கு என்ன வழி நர்சம்மா?” என்றார். “எஸ்டேட்டுல கேட்டா, ஒம் பொண்டாட்டி எங்ககிட்ட வேலையே பாக்கலங்கிறாக. பேரே இல்லையாம். அப்ப அவ எதுக்கு அந்த வண்டியில ஏறுனா?”

கொளுத்தினால் அவர்மேல் ஒரு கேஸ் வரும், பிள்ளைகளுக்கு அப்பாவும் இல்லாமல் போகும் என்று மட்டும் சொன்னேன். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அன்று அரைநாள் விடுப்புப் போட்டு, அவரை உத்தமபாளையம் பஸ்ஸில் ஏற்றி அதே வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். நஷ்டஈட்டுக்கு மனுப் போடலாம் என்றாள் அவள். ஆனால் எஸ்டேட் இல்லை என்று சாதித்தால், அந்தப் பெண் அங்கேதான் வேலை செய்தாள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றாள். கூட ஜீப்பில் போன பெண்கள் சாட்சி சொல்வார்களா என்று கேட்டாள். அவர்கள் மறுபடி அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், சொன்னால் கூலி போய்விடும்.

சித்திரை போனது. வைகாசியில் கோர்ட்டு நோட்டீசைக் கதவில் ஒட்டினார்கள். நான் ஒட்டவில்லை, கோர்ட்டு ஊழியர் வந்து ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதற்கும் பதில் இல்லாததால் தினசரிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க உத்தரவானது. இன்ன விலாசத்தில் குடியிருந்த இன்னார் இந்தத் தேதியில் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்று நாலு விரல் அகலத்தில் வந்தது. ஒருவரும் ஆஜராகவில்லை.

என் நாட்கள் படியில் கழிந்தன. செவ்வாயும் வெள்ளியும் அண்ணன் வருவார். என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, அண்ணன் கீழ்ப்பக்கமும் நான் மேல்பக்கமும் பிடித்துப் பதினெட்டுப் படி இறக்குவோம். இறக்கும்போது பூட்டிய கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் ஒவ்வொரு தடவையும் அந்தப் பூட்டைப் பார்ப்பார். ஆடி மாதம் ஒரு தடவை நான் கால் தவறி நாற்காலியோடு இரண்டு படி சறுக்கிவிட்டேன். அண்ணன் நெஞ்சால் தாங்கிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“யாருக்காகத்தா இம்புட்டும்? அவுக ஒன்னய நெனச்சுப் பாத்தாகளா?”

“அவுகளுக்காக இல்லண்ணே. நான் பெரியகுளத்துக்காரர் ஆகக் கூடாது.”

முழங்காலில் தோல் உரிந்து எரிந்தது. அன்று இரவு முதல்முறையாக அழுதேன். உடைத்திருக்கலாமோ என்று நினைத்ததும் உண்மை. காலையில் மருந்து போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்டு பில்லை நான் கட்டினேன். ஒருநாள் உள்ளே குழாய் சொட்டும் சத்தம் கேட்டுத் தண்ணீர் கதவுக்கடியில் கசிந்தது. வக்கீலுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, வெளியே இருந்த வால்வை மூடி, அதைப் போட்டோவும் எடுத்து அனுப்பினேன். ஆளில்லாத வீட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று பக்கத்து வீட்டம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. வீட்டை என் வசம் ஒப்படைக்கலாம். அதை நிறைவேற்ற இன்னொரு மனு. தை பிறந்த பிறகு, பூட்டு தொங்கிய நாளிலிருந்து பதினோராவது மாதத்தில், உத்தரவை நிறைவேற்றும் கோர்ட்டு அமீனா வந்தார். கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்திருந்தார். கிராம நிர்வாக அலுவலர், வக்கீல், சாட்சிக்கு இரண்டு பேர், பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவர். கடப்பாரை தேவைப்படவில்லை. அந்த ஆள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுத் திருகினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டு திறந்து அமீனாவின் கையில் விழுந்தது. அதையும் அவர் பட்டியலில் முதலாவதாக எழுதினார்.

உள்ளே புழுக்க வாடை. மாவு இருந்த பாத்திரம் கறுத்துக் காய்ந்திருந்தது. அரிசி டிரம்மில் வண்டு. அமீனா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். ஃபிரிட்ஜ் ஒன்று, ஓடும் நிலையில். தையல் மிஷின் ஒன்று, அதன் ஊசியில் பாதி தைத்த ரவிக்கை. பள்ளிக்கூடப் பை, உள்ளே புத்தகங்கள். மழைக்கோட்டு மூன்று. பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இருந்த நெகிழி உறை. பீரோவில் பத்துப் பவுன் ஏதும் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கவரிங் சங்கிலி இருந்தது. அதையும் கவரிங் என்றே எழுதி, அதற்கு நேராக என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கியது. காலரில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. அமீனா பையைத் துழாவி, ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டு வக்கீலிடம் நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, அடுத்து எஸ்டேட்டின் பேர், அதற்குக் கீழே அன்று வண்டியில் ஏறிய பெண்களின் பேர்கள். ஜீப்காரரின் குண்டு எழுத்து. எழுதியிருந்த கடைசிப் பக்கம் விபத்து நடந்த நாள். நாலாவது பேர் அவளுடையது.

நான் அந்தப் பேரை இரண்டு முறை வாசித்தேன். வக்கீல் என்னைப் பார்த்தாள். முப்பத்தோராவது இனம், பாக்கெட் நோட்டு ஒன்று, பெயர்ப்பட்டியல் எழுதியது என்று பதிவானது.

சாமான்களை அதே வீட்டின் ஒரு அறையில் வைத்துப் பூட்டி, கோர்ட்டு சொல்லும்வரை பத்திரமாக வைத்திருப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே இறந்தவளின் புருஷன் வந்துவிட்டார். சாட்சியாக நின்றவர்களில் ஒருவர் சொல்லியிருப்பார்.

“அந்த நோட்டக் குடுங்க நர்சம்மா. ஒரு நாளைக்கு. காட்டிட்டுக் கொண்டாந்துருதேன்.”

அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் எனக்குக் கஷ்டமான நேரம். சாவி என் இடுப்பில் இருந்தது. அறையைத் திறந்து எடுத்துக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். நியாயம் முழுக்க அவர் பக்கம்.

“தர முடியாதுய்யா” என்றேன்.

“நீங்களுமா?” என்றார். அந்தப் பார்வையை என்னால் இப்போதும் நினைத்துப் பார்க்க முடிகிறது. திரும்பி நடந்துவிட்டார்.

வக்கீலுக்கு உடனே போன் செய்தேன். அவள் சாயங்காலமே அவருடைய வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். பிறகு அவரே என்னிடம் அதைச் சொன்னார். “நர்சம்மா கையால எடுத்துக் குடுத்திருந்தா, எஸ்டேட்டுக்காரன் வக்கீல் என்ன சொல்லுவான்? நீங்களே எழுதி உள்ள வச்சீகன்னு சொல்லுவான். இப்ப அப்பிடிச் சொல்ல முடியாது. கோர்ட்டு ஆள் பூட்டத் தொறந்து, சட்டைப் பையில இருந்து எடுத்து, எழுதி வச்ச நோட்டு அது. முறையா வரவழைப்போம்” என்று சொன்னாளாம். முறைப்படி மனுப் போட்டு அந்த நோட்டு நஷ்டஈட்டு வழக்குக்கு வரவழைக்கப்பட்டது.

பங்குனியில் ஒருநாள் மதியம் கேட் திறக்கும் சத்தம். ஜீப்காரரின் மனைவி. பாதியாக இளைத்திருந்தாள். மலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லைன்வீட்டில் இருப்பதாகவும், புருஷன் போன மாதம் கோர்ட்டில் சரணடைந்து இப்போது ஜாமீனில் இருப்பதாகவும் நின்றபடியே சொன்னாள். மேலே வரச் சொன்னேன். வரவில்லை.

“பேப்பர்ல போட்டத அவரு சித்தப்பா வீட்டுல அப்பவே காமிச்சாக. கோர்ட்டுன்னு போட்டிருந்துச்சா, பயந்துட்டோம் நர்சம்மா. எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருப்பீகன்னு நெனச்சேன். பிள்ளையோட சர்டிபிகேட்டு மட்டும் குப்பையிலயாவது கெடக்குமான்னு கேக்க வந்தேன்.”

வக்கீலுக்குத் தகவல் சொல்லி, கோர்ட்டு அனுமதி வாங்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவளை எங்களோடு தங்கவைத்தேன். என் கணவருக்குக் கஞ்சி ஊட்டினாள். நாலாவது நாள் அறையைத் திறந்து பட்டியலைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஊசியில் இருந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு, “இது யாரோடதுன்னு ஞாபகம் இருக்கு” என்றாள். நெகிழி உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராவது இனத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அது எங்கே போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது என்று மறைக்காமல் சொன்னேன்.

“அவர் எழுத்துன்னு நான் வந்து சொல்லணுமா?” என்றாள்.

“சொன்னா நல்லது. சொல்லாட்டியும் நான் ஒன்னக் கேக்க மாட்டேன்.”

“அந்தக்காதான் எங்கிட்ட இந்த ரவிக்கையத் தைக்கக் குடுத்திருந்தாக” என்றாள். பேர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. “நான் வாரேன்.”

வந்தாள். கூண்டில் ஏறிச் சொன்னாள். இறந்தவளின் புருஷன் அன்று அங்கே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகு, தண்ணீர்ப் பானை இருந்த இடத்தில் அவள் நின்றபோது அவர் ஒதுங்கி வழிவிட்டார். அதற்கு மேல் அவர்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. எஸ்டேட் தரப்பு சில மாதம் கழித்துத் தானாகவே சமரசத்துக்கு வந்தது. ஜீப்காரர் மீதான வழக்கு மலைக்கு மேலே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சாமான் எல்லாம் போன பிறகு கீழ்வீட்டைக் கழுவி வெள்ளையடித்தோம். என் கணவரை நாற்காலியில் கடைசியாக ஒருமுறை இறக்கினோம். இப்போது வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை, மாலை பத்து அடி நடக்கிறார். போகிறவர் வருகிறவரைப் பார்க்கிறார். சொற்கள் ஒன்றிரண்டு கூடியிருக்கின்றன.

மாடியை வாடகைக்கு விட்டோம். வந்தது கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும். வெற்றிலை பாக்கு இந்த முறையும் மாற்றினோம். ஆனால் அதற்கு முன் வக்கீல் எழுதித் தந்த ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அதில் நான் கேட்டுச் சேர்த்த ஒரு வரி இருந்தது. அவசரமாகப் போக நேர்ந்தால் தகவல் சொல்ல வேண்டியவர் யார், அவருடைய விலாசம் என்ன என்பது. அந்தப் பெண் சிரித்தாள்.

“நாங்க எங்கக்கா ஓடப் போறோம்?”

“ஓட மாட்டீக. இருந்தாலும் எழுதுங்க” என்றேன்.

யோசித்து, போடியில் இருக்கும் தன் மாமாவின் விலாசத்தை எழுதினாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவுக்குக் கொடுத்துவிட்டு வந்து, மாடிச் சாவியை அவள் கையில் வைத்தேன்.